காதிலா, உடலிலா? அக்குபங்சரில் எதைத் தேர்ந்தெடுப்பது, எப்படிச் சோதித்துப் பார்ப்பது

"காதில் போட்டுக்கொள்ளட்டுமா, உடம்பில் போட்டுக்கொள்ளட்டுமா?" முதன்முறையாக என்னிடம் வருகிறவர்களில் பலரும் கேட்பது இதைத்தான். சிலர் முடிவோடே வருவார்கள். காது ஊசி சிறியது, வலிக்காது, உடையை விலக்க வேண்டியதில்லை என்று யாரோ சொல்லியிருப்பார்கள். நான் உடல் அக்குபங்சரை முறையாகக் கற்று, நெடுநாள் அதை மட்டுமே செய்துவிட்டு, பிறகு காதுக்கு வந்தவள். இப்போது இரண்டையும் செய்கிறேன். ஆகவே இதில் ஒன்றைத் தூக்கிப் பேசி மற்றதைத் தாழ்த்த எனக்கு எந்தத் தேவையும் இல்லை. ஆனால் யாருக்கு எதை முதலில் எடுப்பது, எடுத்ததைப் பலன் தருகிறதா என்று எப்படி அறிவது என்பதில் எனக்குத் திடமான கருத்து உண்டு.

அதற்கு முன் ஒரு நிபந்தனை. வலி எதனால் வருகிறது என்று தெரியாமல் இரண்டில் எதற்கும் போகாதீர்கள். முதுகுவலியோடு கால் பலவீனமாகிறது, தொடையின் உட்புறம் மரத்துப்போகிறது, சிறுநீர் கட்டுக்குள் நிற்கவில்லை என்றால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வாழ்நாளில் வந்திராத கடும் தலைவலி திடீரென்று வந்தாலும், நெஞ்சில் அழுத்தம் இருந்தாலும், காரணமின்றி எடை குறைந்தாலும், வலியோடு காய்ச்சல் சேர்ந்தாலும் அப்படித்தான். இங்கே எனக்குள்ள பயம் ஊசி பலிக்காமல் போவதைப் பற்றியது அல்ல. அது வலியை ஓரளவு தணித்து, நோயைக் கண்டுபிடிக்கும் நாளைத் தள்ளிப்போட்டுவிடக் கூடாது என்பதுதான். மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரைகளையும் என் பேச்சைக் கேட்டோ வேறு அக்குபங்சர் சிகிச்சையாளரின் பேச்சைக் கேட்டோ நிறுத்த வேண்டாம். குறைப்பதானால் அந்த மருத்துவரைக் கேட்டுத்தான் குறைக்க வேண்டும்.

இரண்டுக்கும் வயது ஒன்றல்ல

காது அக்குபங்சரைப் பல்லாயிரம் ஆண்டுப் பழமையான கலை என்று விளம்பரம் செய்கிறார்கள். உடல் அக்குபங்சருக்கு அந்தப் பழமை பெருமளவு பொருந்தும். அதன் மூலநூலான ஹுவாங்தி நெய்ஜிங் ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்டது. உடலில் 12 முதன்மைப் பாதைகள், முன்புறமும் பின்புறமும் நடுக்கோட்டில் ஓடும் 2 பாதைகள், ஆக 14 பாதைகள்; அவற்றின் மேல் 361 புள்ளிகள். உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட கணக்கு இது. எங்கே பயின்றவரானாலும் இந்தப் புள்ளிகளின் இடத்தைப் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் காட்டுவார்.

காதின் கதை வேறு. எல்லா நாளங்களும் கூடுமிடம் காது என்று அந்தப் பழைய சீன நூலிலேயே ஒரு வரி உண்டு. ஆனால் மடலின் எந்த இடம் முழங்காலுக்கு, எந்த இடம் கல்லீரலுக்கு என்று காட்டும் இன்றைய வரைபடம் 1950களில் பிரான்ஸின் லியோன் நகரில் உருவானது. பால் நோஜியே என்ற மருத்துவர், இடுப்பிலிருந்து கால் வரை இழுக்கும் சயாடிகா வலி நீங்கிய சில நோயாளிகளின் காதில் ஒரே இடத்தில் சூடு போட்ட தழும்பு இருப்பதைக் கவனித்தார். நாட்டு வைத்தியம் செய்யும் ஒருவர் போட்ட சூடு அது. அதைத் தொடர்ந்து ஆராய்ந்தவர், தலைகீழாகச் சுருண்டிருக்கும் கருவின் உருவத்தைக் காதின் மேல் பொருத்திப் பார்த்தார். சோணையில் தலை, உள்மேட்டில் முதுகெலும்பு, நடுக்குழியில் உள்ளுறுப்புகள், மேற்பகுதியில் கால்கள். 1957இல் இது வெளியானதும் சீன மருத்துவர்கள் எடுத்துக்கொண்டு, தங்கள் நோயாளிகளிடம் சோதித்து, தங்களுக்கான வரைபடத்தை வளர்த்தார்கள். பெயர்களை ஒழுங்குபடுத்த 1990இல் உலக சுகாதார நிறுவனம் அதே லியோனில் கூட்டம் நடத்தியது. ஆனாலும் பிரெஞ்சு வரைபடமும் சீன வரைபடமும் இன்றும் முழுதாக ஒத்துப்போவதில்லை. முழங்காலை நோஜியே காதின் மேற்பகுதியிலுள்ள முக்கோணக் குழிக்குள் வைக்கிறார். சீனர்கள் அதற்கு மேலேயுள்ள மேட்டில் வைக்கிறார்கள்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், சிகிச்சையில் இது நேரடியாக வந்து நிற்கிறது. உடலில் புள்ளியை அளந்து கண்டுபிடிக்கலாம். காதில் வரைபடம் ஒரு பகுதியைத்தான் காட்டும். அதற்குள் எந்த இடம் நோகிறது என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். காதைத் தொட்டுத் தேடாமல் சுவரில் மாட்டிய படத்தைப் பார்த்து ஊசி போடுகிறவரிடம் காதைக் கொடுக்காதீர்கள்.

உள்ளே நடப்பது

பாதைகளில் ஓடும் உயிர்ச்சக்தி என்ற பழைய விளக்கத்தைப் புள்ளிகளை நினைவில் வைக்கவும் நோயாளியின் குறைகளை ஒழுங்காகக் கேட்கவும் நான் பயன்படுத்துகிறேன். அந்தப் பாதைகளை உடற்கூற்றில் யாரும் அறுத்துக் காட்டியதில்லை. நரம்புகளைக் காட்டலாம், அவற்றை வைத்தே நோயாளிகளுக்கு விளக்குகிறேன்.

உடலில் ஊசி தோலையும் கொழுப்பையும் கடந்து தசைக்குள் போகிறது. நான் வழக்கமாக எடுப்பது 0.25 மில்லிமீட்டர் தடிமனும் 40 மில்லிமீட்டர் நீளமும் கொண்டது. சரியான ஆழத்தில் மந்தமான கனம், இழுப்பு, பரவும் உளைச்சல் ஏதாவது ஒன்று வரும். இறுகிக் கிடக்கும் தசையில் போட்டால் அது ஒரு முறை துடித்துத் தளர்வது கண்ணுக்கே தெரியும். இந்த உள்ளூர் வேலையைக் காது செய்யாது.

காதில் ஊசி போகும் ஆழம் ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர்தான். அடியில் தசை இல்லை. மெல்லிய தோல், அதன் கீழ் குருத்தெலும்பு. ஆனால் அந்தச் சிறிய பரப்பில் பல நரம்புகள் வந்து முடிகின்றன. கழுத்திலிருந்து ஏறும் பெரிய காது நரம்பு, முகத்து உணர்ச்சியைச் சுமக்கும் ட்ரைஜெமினல் நரம்பின் ஒரு கிளை, நடுக்குழிக்குள் வேகஸ் நரம்பின் காதுக்கிளை. வேகஸ் இதயத்தையும் நுரையீரலையும் குடலையும் தொட்டுச் செல்லும் நரம்பு. உடலின் வெளிப்புறத் தோலில் அது எட்டிப்பார்க்கும் இடம் காதுதான். பதற்றமாக இருப்பவரின் காதில் ஊசி போட்ட சில நிமிடங்களில் மூச்சு நீள்வதையும் தோள்கள் இறங்குவதையும் அடிக்கடி பார்க்கிறேன். இந்த நரம்பு வழி அதற்கு ஒரு காரணமாக இருக்கக்கூடும். அசையாமல் படுத்திருப்பதும் ஒருவர் பொறுமையாகக் கவனித்துக்கொள்வதும்கூட அந்த அமைதிக்குக் காரணமாக இருக்கலாம்.

ஆய்வுகள் எங்கே நிற்கின்றன

நாள்பட்ட வலிக்கு உடல் அக்குபங்சர் பற்றிய சான்று கூடுதல். 2018இல் 39 ஆய்வுகளிலிருந்து 20,827 நோயாளிகளின் தரவுகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்தார்கள். முதுகு, கழுத்து, முழங்கால் தேய்மானம், தலைவலி, தோள் வலி ஆகியவற்றில் பலன் இருந்தது. ஓராண்டுக்குப் பிறகும் பெரும்பகுதி நிலைத்தது. அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. உண்மையான ஊசிக்கும் போலி ஊசிக்கும் உள்ள வேறுபாடு, ஊசிக்கும் ஊசியே இல்லாமைக்கும் உள்ள வேறுபாட்டைவிடச் சிறியது. 2007இல் ஜெர்மனியில் 1162 முதுகுவலி நோயாளிகளிடம் நடந்த ஆய்வு இதை இன்னும் அப்பட்டமாகக் காட்டியது. ஆறு மாதத்தில் உண்மை ஊசி பெற்றவர்களில் 47.6 சதவீதத்தினருக்கும், புள்ளியல்லாத இடங்களில் மேலோட்டமாக ஊசி பெற்றவர்களில் 44.2 சதவீதத்தினருக்கும், வழக்கமான மருத்துவம் பெற்றவர்களில் 27.4 சதவீதத்தினருக்கும் முன்னேற்றம். இந்த எண்களை என் நோயாளிகளிடம் மறைப்பதில்லை. புள்ளி ஒரு மில்லிமீட்டர் தவறினால் எல்லாம் கெட்டது என்று பயமுறுத்துகிறவர்களை நம்ப வேண்டாம் என்பதற்கும் இதே எண்கள்தான் ஆதாரம்.

காதுக்குச் சான்று குறைவு. துறைக்குத் துறை மாறுபடுகிறது. போதைப் பழக்கத்தை விடுவிக்க காதில் ஐந்து புள்ளிகளில் ஊசி போடும் முறை 1970களில் நியூயார்க்கின் லிங்கன் மருத்துவமனையில் வளர்ந்து உலகெங்கும் பரவியது. ஆனால் கோகெய்ன் பழக்கமுள்ள 620 பேரிடம் நடத்தி 2002இல் வெளியான பெரிய ஆய்வில், அது ஒப்பிடுவதற்காக வைத்த மற்றக் குழுக்களைவிட மேலான பலன் தரவில்லை. குழுவாக அமைதியாக உட்காரும் அந்த முக்கால் மணி நேரம் பலருக்கு ஆறுதல் தருகிறது. அந்த ஆறுதலுக்காக, மற்ற சிகிச்சையோடு சேர்த்து அதைச் செய்யலாம். போதையை விட அது மட்டும் போதும் என்று சொல்லி யாராவது அழைத்தால் போகாதீர்கள்.

இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்திய ஓர் ஆய்வை நான் முக்கியமாகக் கருதுகிறேன். புற்றுநோயிலிருந்து மீண்டு, நாள்பட்ட தசை, எலும்பு வலியோடு வாழும் 360 பேர். முடிவுகள் 2021இல் வந்தன. ஒரு குழுவுக்கு உடலில் மின்தூண்டலோடு ஊசி. ஒரு குழுவுக்கு அமெரிக்க விமானப் படை மருத்துவர் ரிச்சர்ட் நிம்ட்ஸோ 2001இல் வகுத்த, காதில் சிறு ஊசிகளைப் பதித்துவிடும் போர்க்கள முறை. மூன்றாவது குழுவுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். வழக்கமான கவனிப்போடு ஒப்பிட்டால், பத்துக்கு மதிப்பிடும் அளவுகோலில் உடல் ஊசி வலியை 1.9 புள்ளியும் காது ஊசி 1.6 புள்ளியும் குறைத்தது. இரண்டும் உதவின. ஆனால் காது, உடலுக்கு ஈடானது என்று நிறுவ முடியவில்லை. அதைவிட என் கண்ணில் பட்டது வேறொன்று. தொந்தரவு தாங்காமல் சிகிச்சையை நிறுத்தியவர்கள் உடல் குழுவில் 0.7 சதவீதம், காது குழுவில் 10.5 சதவீதம். காரணம் பெரும்பாலும் காதுவலி. சிறிய ஊசி என்றால் சிறிய வலி என்று எண்ணி வருகிறவர்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காதில் குத்தும் கணம் சுரீரென்று இருக்கும். பதித்து அனுப்பினால் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பது கடினம்.

நான் எதை முதலில் எடுக்கிறேன்

வலி ஓரிடத்தில் இருந்து, அந்த இடத்துத் தசையைத் தொட்டால் கயிறுபோல் இறுகியிருந்தால் உடல்தான் முதலில். தையல் வேலை செய்யும் ஒருவர், கையை இடுப்புக்குப் பின்னால் கொண்டுபோக முடியாத தோள் வலியோடு, காதில் மட்டும் போடச் சொல்லி வந்தார். தோளைச் சுற்றிய தசைகளில் ஊசி போடாமல் அது இளகாது என்று அவரிடம் நேராகச் சொன்னேன். தோளில் போட்டேன், கையை எவ்வளவு உயர்த்த முடிகிறது என்று வாரந்தோறும் சுவரில் கோடு போட்டுப் பார்த்தோம். காதில் அவருக்கு இரவுத் தூக்கத்துக்காக மட்டும், ஊசிக்குப் பதில் அழுத்துவதற்கான சிறு விதையை ஒட்டினேன்; அந்த முறை கீழே வருகிறது. முழங்கால் தேய்மானம், கழுத்து இறுக்கம், இடுப்பு வலி எல்லாவற்றிலும் என் வரிசை இதுதான். ஒற்றைத் தலைவலி அடிக்கடி வராமல் தடுப்பதற்கும் உடலில் போடும் முறைக்குத்தான் நல்ல சான்று இருக்கிறது.

காதை முதலில் எடுப்பது, உடலை எளிதில் அணுக முடியாதபோது. குப்புறப் படுக்க முடியாதவர். அறுவை சிகிச்சைக் காயம் ஆறாதவர். மார்பக அறுவைக்குப் பின் கை வீங்குவதால் அந்தக் கையில் ஊசி வேண்டாம் என்று மருத்துவர் சொன்னவர். உடையை விலக்கச் சொன்னாலே உடல் விறைத்துப்போகிறவர். கடைசியாகச் சொன்னவர்களை நான் மிகவும் மதிப்போடு நடத்துகிறேன். அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடி, போட்ட உடையோடு, கதவைப் பார்த்த மாதிரி இருந்தே சிகிச்சை பெறலாம். இது காது தரும் பெரிய வசதி. இதற்கு ஈடு உடல் முறையில் இல்லை. அறுவை சிகிச்சைக்கு முந்தைய பதற்றத்துக்கும் காதைத்தான் நாடுகிறேன்.

குமட்டலுக்கு மட்டும் பலர் காதைக் கேட்டு வருவார்கள். நான் மணிக்கட்டைக் காட்டுவேன். உள்ளங்கைப் பக்கம், மணிக்கட்டு ரேகையிலிருந்து மூன்று விரல் அகலம் மேலே, இரண்டு தசைநாண்களுக்கு நடுவே இருப்பது இதய உறைப் பாதையின் 6ஆவது புள்ளி. அறுவைக்குப் பின் வரும் குமட்டலில் அதிகம் ஆராயப்பட்ட புள்ளி அதுவே. ஊசிகூட வேண்டாம், கட்டைவிரலால் அழுத்தினால் போதும்.

உடலில் புள்ளி தேடும் விதம்

அளவுகோல் நோயாளியின் சொந்த விரல்கள். சிகிச்சையாளரின் விரலால் அளக்கக் கூடாது. அவருடைய கட்டைவிரல் கணுவின் அகலம் ஒரு சுன். சேர்த்து வைத்த நான்கு விரல்களின் அகலம் மூன்று சுன். வயிற்றுப் பாதையின் 36ஆவது புள்ளியை எடுத்துக்கொள்வோம். முழங்காலை மடக்கினால், முழங்கால் சில்லுக்குக் கீழே வெளிப்பக்கம் ஒரு பள்ளம் தெரியும். அங்கிருந்து நோயாளியின் நான்கு விரல் கீழே. கீழ்க்கால் எலும்பின் முன்விளிம்பிலிருந்து ஒரு விரல் வெளியே. கட்டைவிரலால் அழுத்தினால் தசை உள்ளே இடம் கொடுக்கும். உளைச்சல் பாதத்தின் மேற்புறம் வரை இறங்கும். அந்த உளைச்சலே அடையாளம். ஊசி 20 முதல் 30 நிமிடம் இருக்கும். வாரம் ஒன்று அல்லது இரண்டு முறை.

காதில் தேடும் விதம்

காதில் நான் செய்யும் முதல் வேலை தொடாமல் பார்ப்பது. தொட்டால் நிறம் மாறிவிடும். நல்ல வெளிச்சத்தில், காதணியைக் கழற்றச் சொல்லி, இரண்டு காதுகளையும் ஒப்பிடுவேன். ஓரிடத்தில் மட்டும் செம்மை, செதில், மெல்லிய இரத்த நாளக் கோடு, சிறு குழி இருந்தால் மனத்தில் குறித்துக்கொள்வேன். அதன்பிறகுதான் முனை மழுங்கிய உலோகக் குச்சி. சுற்றுப்புறத்திலிருந்து புள்ளியை நோக்கி, ஒரே அழுத்தத்தில், மெதுவாக வர வேண்டும். அழுத்தம் இடத்துக்கு இடம் மாறினால் எந்த இடம் நோகிறது என்ற கேள்வியே பொருளற்றுப்போகும். சரியான இடம் வந்ததும் நோயாளி வாயால் சொல்வதற்கு முன்பே புருவம் சுருங்கும், இமை படபடக்கும். இடுப்பு வலிக்காரருக்கு உள்மேட்டின் ஒரு கடுகளவு இடம் ஊசிமுனைபோல் சுரீரென்கும். பக்கத்தில் இரண்டு மில்லிமீட்டர் தள்ளினால் ஒன்றும் இருக்காது. தோலின் மின்தடையை அளந்து ஒலியெழுப்பும் கருவிகளும் உண்டு. அழுத்திப் பிடித்தால், வியர்வை இருந்தால், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வைத்தால் அவை எங்கு வைத்தாலும் ஒலிக்கும். விரலும் கண்ணும் பழகாதவர் கையில் அந்தக் கருவி பயன்தராது.

பெரும்பாலோருக்கு நான் எடுக்கும் முதல் புள்ளி ஷென்மென். கண்ணாடி முன் நின்று நீங்களே பார்க்கலாம். காதின் வெளிவிளிம்புக்கு உள்ளே, அதற்கு இணையாக ஒரு மேடு ஏறும். அது மேலே போய் இரண்டு கிளையாகப் பிரியும். இரண்டுக்கும் நடுவே முக்கோணக் குழி. கிளைகள் பிரியும் கோணத்துக்கு அருகில், குழியின் மேற்கிளைப் பக்கம் சாய்ந்து இருப்பது ஷென்மென். பதற்றம், தூக்கமின்மை, வலி மூன்றுக்கும் இதைச் சேர்க்கிறார்கள்.

வீட்டில் விதை ஒட்டுதல்

காது முறையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஏனென்றால் சிகிச்சையின் ஒரு பகுதி நோயாளியின் கைக்கே போகிறது. வக்காரியா என்ற செடியின் சிறிய உருண்டை விதை, சதுரப் பிளாஸ்திரியின் நடுவே ஒட்டப்பட்டு வரும். உலோகக் குண்டுகளும் உண்டு. நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள் விதையையே எடுக்க வேண்டும்.

காதைச் சோப்பால் கழுவி, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, முழுவதும் உலரவிடுங்கள். ஈரத்தில் ஒட்டினால் ஒரு மணி நேரம்கூட நிற்காது. அடியில் தோலும் ஊறிவிடும். நொந்த இடத்தின் மேல் விதை நேராக உட்காரும்படி இடுக்கியால் வைத்து, விரலால் ஓரங்களை அமுக்குங்கள். பிறகு காதின் பின்புறம் ஒரு விரலை முட்டுக் கொடுத்து, முன்னாலிருந்து அழுத்துங்கள். தேய்க்கக் கூடாது, தேய்த்தால் தோல் உரியும். மந்தமான வலியோ சூடோ எழும் அளவுக்கு அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம், ஒரு நாளில் மூன்று நான்கு முறை. காது சூடாகிச் சிவப்பது இயல்பு. மூன்று முதல் ஐந்து நாளில், அல்லது நனைந்து தளர்ந்தால் அதற்கு முன்பே, கழற்றிவிட்டு அடுத்த முறை மறு காதுக்கு மாறுங்கள். ஒரு காதில் மூன்று அல்லது நான்குக்கு மேல் வேண்டாம். புண், சொறி, புதிதாகக் குத்திய துளை இருக்கும் இடத்தில் ஒட்டவே கூடாது. சிறு குழந்தைகள் எடுத்து வாயில் போட்டுக்கொள்ளாதபடி கழற்றியதை மூடி எறியுங்கள்.

ஊசியைப் பதித்து வீட்டுக்கு அனுப்புவது தனிக் கணக்கு. அதை நான் அரிதாகவே செய்கிறேன், காரணம் கீழே வருகிறது.

ஆபத்துகள், இரண்டிலும்

உடலில் அஞ்ச வேண்டிய இடம் மார்பும் தோள் மேற்பகுதியும். கழுத்துக்கும் தோள்முனைக்கும் நடுவில் எல்லோரும் பிடித்துவிடச் சொல்லும் அந்தத் தசைக்குக் கீழே நுரையீரலின் உச்சி இருக்கிறது. ஊசி நேராக ஆழமாகப் போனால் நுரையீரல் சுருங்கிவிடக்கூடும். அரிது, ஆனால் உயிருக்கு ஆபத்து. சிகிச்சைக்குப் பின் மூச்சு வாங்கினாலோ, மூச்சை இழுக்கும்போது நெஞ்சு குத்தினாலோ, மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அங்கே ஊசி போட்ட இடத்தைத் தவறாமல் சொல்லுங்கள். இதைத் தவிர நீலம் பாரித்தல், சிறு இரத்தக் கசிவு, முதல் முறை மயக்கம் ஆகியவை வரலாம். அதனால் முதல் முறை படுக்கவைத்தே போட வேண்டும்; வெறும் வயிற்றில் வரக் கூடாது.

காதில் அஞ்ச வேண்டியது தொற்று. குருத்தெலும்புக்குத் தனக்கென்று இரத்த ஓட்டம் கிடையாது. மேலே உள்ள உறைதான் ஊட்டுகிறது. அதனால் கிருமி உள்ளே போய்விட்டால் உடல் எதிர்த்துப் போராடுவதும் கடினம், மருந்து போய்ச் சேர்வதும் மெதுவு. கவனிக்காமல் விட்டால் மடல் சுருங்கி உருக்குலைந்துபோகும். பதித்து வைத்த ஊசிகளில் இந்த ஆபத்து கூடுதல். இதய வால்வு நோய் உள்ளவர்கள், எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உண்பவர்கள், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள் பதித்த ஊசிக்கு ஒப்புக்கொள்ளவே வேண்டாம். பதித்த காது ஊசியிலிருந்து இதய உட்சுவரில் தொற்று ஏற்பட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. காது துடிதுடித்து வலித்து, வீங்கி, செம்மை பரவினால் உடனே கழற்றிவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கப் போகும் முன் காதிலுள்ள உலோகம் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும்.

கர்ப்பமாக இருப்பவர்கள் இரண்டு முறையிலும் முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவிலுள்ள பெருங்குடல் 4, உள் கணுக்காலுக்கு மேலுள்ள மண்ணீரல் 6, காதில் கருப்பைப் புள்ளி ஆகியவற்றை வழக்கமாகத் தவிர்க்கிறோம். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து உண்பவருக்கு ஆழமான உடல் ஊசியைவிடக் காது விதை பாதுகாப்பானது. இதயமுடுக்கி பொருத்தியவருக்கு இரண்டு இடத்திலும் மின்தூண்டல் கூடாது.

ஊசிகள் எப்போதும் ஒருமுறை மட்டும் பயன்படுத்துபவையாக, உங்கள் கண் முன்னால் உறை பிரிப்பவையாக இருக்க வேண்டும். போட்டது எத்தனை, எடுத்தது எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள். முடிக்குள்ளும் காதுக்குப் பின்னும் ஊசி மறைந்துகொள்ளும்.

உங்களுக்கு எது பலிக்கிறது என்று அறிய

இரண்டையும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். தொடங்கினால் நலமானாலும் எதனால் என்று தெரியாது, மோசமானாலும் தெரியாது. நான் ஒன்றை மட்டும் நான்கு வாரம் செய்துவிட்டு, அதன்பிறகே மற்றதைச் சேர்க்கிறேன்.

தொடங்குவதற்கு முன் ஒரு வாரம் சும்மா குறித்து வாருங்கள். நாள்பட்ட வலி தானே ஏறி இறங்கும் இயல்புடையது. மிக மோசமான நாளில்தான் எல்லோரும் சிகிச்சைக்கு வருகிறார்கள், அதனால் அடுத்த வாரம் எதுவும் செய்யாமலே கொஞ்சம் தேறும். அந்த ஏற்றத்தாழ்வைத் தெரிந்துகொள்ளவே இந்த ஒரு வாரம். இரவு படுக்கும் முன் அன்றைய வலிக்குச் சுழியத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண். எத்தனை வலி மாத்திரை. தூங்கிய நேரம். இவற்றோடு உங்களால் செய்ய முடியாமல் போன ஒரே ஒரு காரியத்தைத் தேர்ந்தெடுங்கள்: மாடிப்படியில் ஊன்றாமல் ஏறுவது, தலையைத் திருப்பி வாகனத்தைப் பின்னால் எடுப்பது, தலைக்கு மேல் கையை உயர்த்திச் சட்டை மாட்டுவது. எண்கள் மனநிலையோடு சேர்ந்து ஆடும். அந்தக் காரியம் பொய் சொல்லாது. வலி ஆறிலிருந்து நான்குக்கு வந்தது என்று ஒருவர் சொல்வதைவிட, இப்போது கைப்பிடியைப் பிடிக்காமல் படியேறுகிறேன் என்று சொல்வதையே நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன்.

நான்கு வாரத்தில் வலி எண் இரண்டு புள்ளியாவது இறங்கி, அந்தக் காரியமும் எளிதாகியிருந்தால் தொடரலாம். பிறகு இடைவெளியை நீட்டிக்கொண்டே போக வேண்டும்: வாரம் ஒரு முறை, இரு வாரத்துக்கு ஒரு முறை, பிறகு தேவைப்பட்டால் மட்டும். இடைவெளி நீளும் காலத்தில்தான் காது விதை நன்றாகத் துணை நிற்கிறது. உடல் ஊசியால் தளர்ந்த கழுத்து மறுபடி இறுகத் தொடங்கும் நாள்களில், நோயாளி தன் காதைத் தானே அழுத்திக்கொண்டு அடுத்த முறை வரை ஓட்டிவிடுகிறார்.

நான்கு வாரத்தில் எதுவும் நகரவில்லை என்றால் மற்ற முறைக்கு ஒரு முறை மாறிப் பாருங்கள், அதே குறிப்பேட்டோடு. அதுவும் நகரவில்லை என்றால் நிறுத்திவிட்டு, குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு உங்கள் மருத்துவரிடம் போங்கள். இன்னும் பத்து முறை வந்தால் சரியாகும் என்று யாராவது சொன்னால், அந்தப் பத்தில் எத்தனையாவது முறையில் எந்த மாற்றத்தை எதிர்பார்க்கிறார் என்று கேளுங்கள். அதற்குத் தெளிவான பதில் இல்லையென்றால் அடுத்த முறைக்கு நேரம் குறிக்க வேண்டாம்.